அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் கட்ட வேண்டிய வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானி, சமையலுக்கோ வீடு சுத்தம் செய்யவோ ஆள், வயதான பெற்றோருக்குத் துணை என்று யாரையாவது வீட்டுக்கு வரவழைத்துச் சம்பளம் கொடுக்கும் அமெரிக்கக் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம். தொகைகள் 2025, 2026 ஆண்டுகளுக்குரியவை. கூட்டாட்சி வரியே இங்கே முதன்மை. மாநில விதிகள் தேவையான இடங்களில் மட்டும் வரும்.

வாரத்துக்கு மூன்று நாள்தான் வருகிறார். அதற்குமா நான் முதலாளி?

எத்தனை மணி நேரம் வருகிறார் என்பது பொருட்டே இல்லை. என்ன வேலை, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் ஐஆர்எஸ் எனப்படும் கூட்டாட்சி வரித்துறை பார்க்கிறது. குழந்தைக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, டிவி பார்க்கலாமா, எந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்பதையெல்லாம் நீங்கள் முடிவு செய்கிறீர்கள் என்றால் அவர் உங்கள் ஊழியர், நீங்கள் அவருடைய முதலாளி. அந்த உரிமையை நீங்கள் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டிருந்தாலும் இதுதான் நிலை. மணிக்கணக்கில் சம்பளமா வாரச் சம்பளமா, ஏஜென்சி வழியாகக் கிடைத்தாரா நண்பர் சொல்லி வந்தாரா என்பதாலும் எதுவும் மாறாது.

ஏஜென்சி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஏஜென்சி என்றால் முதலாளி நீங்கள்தான். ஏஜென்சியே ஆளை அனுப்பி, வேலையையும் கட்டுப்படுத்தி, உங்களிடம் பில் வாங்கிக்கொண்டு அவருக்குச் சம்பளம் கொடுத்தால் வரிப் பொறுப்பு ஏஜென்சியுடையது. ஒப்பந்தத்தைப் படித்தால் இது தெரிந்துவிடும்.

வீடு சுத்தம் செய்பவரும் அப்படித்தானா?

அவருடைய நிலைமையைப் பொறுத்தது. சொந்தமாக வாக்யூம், துடைப்பம், திரவங்கள் எல்லாம் கொண்டுவந்து, பல வீடுகளுக்குப் போய், முடியாத நாளில் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்புகிறவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர். அவருக்காக நீங்கள் எதுவும் பிடித்தம் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டுச் சாமான்களை வைத்து, நீங்கள் சொன்ன நாளில், நீங்கள் சொன்ன முறையில் செய்கிறவர் ஊழியர். தன் வீட்டில் சமைத்து டப்பாவில் கொடுத்தனுப்பும் சமையல்காரர், தன் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோரும் சுயதொழில் செய்பவர்களே.

எவ்வளவு கொடுத்தால் வரி?

இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

முதலாவது, சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிக்கானது. ஒரே ஊழியருக்கு ஓர் ஆண்டில் கொடுத்த ரொக்கச் சம்பளம் 2025இல் 2,800 டாலரை எட்டினால் வரி உண்டு. 2026இல் இந்த வரம்பு 3,000 டாலர். ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஃபியூட்டா எனப்படும் கூட்டாட்சி வேலையின்மை வரிக்கானது. எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து, இந்த ஆண்டிலோ போன ஆண்டிலோ ஏதாவது ஒரு காலாண்டில் 1,000 டாலர் கொடுத்திருந்தால் இது வரும். அதனால் இரண்டு மாதம் மட்டும் ஆள் வைத்தவரும் சிக்குவார்.

வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் வரி என்று எண்ணிவிடாதீர்கள். வரம்பை எட்டினால் முதல் டாலரிலிருந்தே வரி உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 110 டாலர் வீதம் 26 முறை கொடுத்தால் 2,860 டாலர். 2025இல் அந்த 2,860 முழுவதற்கும், ஊழியர் பங்கும் உங்கள் பங்கும் சேர்த்து 15.3%, அதாவது 437.58 டாலர், கட்ட வேண்டும். அதே தொகையை 2026இல் கொடுத்தால் எதுவும் இல்லை. ஆண்டுக் கடைசியில் போனஸ் கொடுக்கும் முன் அதுவரை கொடுத்த மொத்தத்தை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

ரொக்கச் சம்பளம் என்பதில் நோட்டு, செக், ஸெல் போன்ற செயலி வழிப் பரிமாற்றம் எல்லாமே அடங்கும். வீட்டில் போடும் சாப்பாடு, தங்க இடம் ஆகியவற்றின் மதிப்பு இதில் சேராது. சம்பளத்தை இந்தியாவில் இருக்கும் அவர் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் ரூபாயாகப் போடுவதாக ஏற்பாடு செய்துகொண்டாலும் அது இங்கே செய்த வேலைக்குக் கொடுத்த சம்பளம்தான். டாலரில் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

வாரம் 600 டாலர் வீதம் 50 வாரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 டாலர்.

ஊழியரின் பங்கு சோஷியல் செக்யூரிட்டி 6.2%, மெடிகேர் 1.45%. வாரத்துக்கு 37.20, 8.70 என்று மொத்தம் 45.90 டாலர் அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கிறீர்கள். ஆண்டுக்கு 2,295 டாலர். அதே 2,295 டாலரை உங்கள் கையிலிருந்தும் போட வேண்டும். ஃபியூட்டா 6%, ஆனால் முதல் 7,000 டாலருக்கு மட்டும். மாநில வேலையின்மை வரியை நேரத்துக்குக் கட்டியிருந்தால் 5.4% கழிவு கிடைத்து, 0.6% மட்டும் மிஞ்சும்: 42 டாலர். ஆக ஐஆர்எஸ்ஸுக்குப் போவது 4,632 டாலர். அதில் உங்கள் சொந்தப் பணம் 2,337. இதற்கு மேல் மாநில வேலையின்மை வரி தனி.

நேரத்துக்கு என்றால் அடுத்த ஆண்டு ஏப்ரல் 15க்குள். மாநிலத்துக்குத் தாமதமாகக் கட்டினால் கழிவு குறையும். வேலையின்மை நிதிக்காகக் கூட்டாட்சியிடம் வாங்கிய கடனை மாநிலம் திருப்பித் தராமல் வைத்திருந்தாலும் குறையும். கலிஃபோர்னியாவில் 2024ஆம் ஆண்டுக்கு அப்படி 0.9% குறைந்து, 42க்குப் பதில் 105 டாலர் ஆனது. உங்கள் தவறு எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

கையில் 600 டாலர் தருவதாகப் பேசிவிட்டோம். இப்போது எப்படிப் பிடிப்பது?

இந்த விஷயத்தில் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சம்பளம் பேசும்போதே பிடித்தத்துக்கு முந்தைய தொகையைப் பேசி, எழுதியும் கொடுங்கள். மணிக்கு இவ்வளவு, வாரத்துக்கு இத்தனை மணி, அதிலிருந்து 7.65% பிடித்தம் என்று மூன்று வரி போதும்.

ஏற்கனவே கைக்கு வரும் தொகையைப் பேசிவிட்டீர்கள் என்றால் அவருடைய பங்கையும் நீங்களே கட்டிவிடலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்படிக் கட்டும் தொகையை டபிள்யூ-2 படிவத்தின் (ஊழியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் சம்பளச் சான்று) முதல் கட்டத்தில் அவர் வருமானமாகச் சேர்க்க வேண்டும். 3, 5ஆம் கட்டங்களில் சேர்க்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் முதல் கட்டம் 32,295 ஆகவும், மற்ற இரண்டும் 30,000 ஆகவும் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, தட்டச்சில் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுபவர்கள் உண்டு. அது பிழை அல்ல.

பிடிக்க மறந்துவிட்டாலும் முழு 15.3%க்கும் பொறுப்பு உங்களுடையதே. விடுபட்டதைப் பிந்தைய சம்பளங்களில் பிடித்துக்கொள்ளலாம். மாறாக, வரம்பை எட்டும் என்று நினைத்துப் பிடித்து, கடைசியில் எட்டவில்லை என்றால் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வருமான வரியும் பிடிக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அவர் கேட்டு, நீங்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஊழியர் எழுதிக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவம் வாங்கிக்கொண்டு பிடிக்கலாம். ஒப்புக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பிடிக்காவிட்டால் ஏப்ரலில் அவர் தலையில் மொத்தமாக ஒரு தொகை விழும், அதற்குள் அவர் அந்தப் பணத்தைச் செலவழித்திருப்பார். கொஞ்ச நாளில் வேலையை விட்டும் போவார்.

ஆள் சேர்ந்த முதல் வாரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

வேலையில் சேரும் நாளுக்குள், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை அவர் நிரப்ப வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் அவருடைய ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும். எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது படிவத்தின் பட்டியலுக்குள் அவர் விருப்பம். கிரீன் கார்டுதான் வேண்டும் என்று நீங்கள் கேட்கக் கூடாது. படிவத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள், வேலையை விட்டு ஓராண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். என்றாவது ஒரு மாலை வந்துபோகும் பேபிசிட்டருக்கு ஐ-9 தேவையில்லை.

அடுத்தது ஈஐஎன் எனப்படும் முதலாளி எண். ஐஆர்எஸ் தளத்தில் எஸ்எஸ்-4 விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பினால் அப்போதே எண் கிடைக்கும். கட்டணம் கிடையாது. தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதற்குப் பணம் வாங்குகின்றன. தளத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். டபிள்யூ-2இல் முதலாளி எண்ணாக உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் போடக் கூடாது.

பிறகு மாநிலம். கலிஃபோர்னியாவில் ஒரு காலாண்டில் 750 டாலர் கொடுத்தால் 15 நாளுக்குள் ஈடிடி எனப்படும் மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், மாநில ஊனக் காப்பீட்டுக்குப் பிடிக்க வேண்டும். 1,000 டாலர் ஆனால் வேலையின்மை வரியும் சேரும். நியூயார்க்கில் வேலையின்மை வரி ஒரு காலாண்டில் 500 டாலரிலேயே தொடங்குகிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் வேலையின்மை வரி உண்டு. புதிதாக ஆள் சேர்த்ததை 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எல்லா மாநிலத்துக்கும் பொது. சில மாநிலங்கள் இன்னும் குறைந்த கெடு வைத்திருக்கின்றன.

ஊரிலிருந்து அம்மா வந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மாதம் கொஞ்சம் கொடுக்கிறோம்.

இதில் வரி வேறு, விசா வேறு. பி-2 எனப்படும் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்வதும் நீங்கள் அவருடைய செலவைப் பார்த்துக்கொள்வதும் குடும்ப விஷயம். அதைச் சம்பளமாக எழுதிக் குழந்தைப் பராமரிப்புச் சலுகை கேட்டால்தான் வம்பு.

அம்மா கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றவர், உண்மையிலேயே சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால், பெற்றோருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குப் பொதுவாகச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி இல்லை. விதிவிலக்கு ஒன்று: 18 வயதுக்கு உட்பட்ட அல்லது உடல், மன நிலை காரணமாகக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்கிறார், கூடவே நீங்கள் மறுமணம் செய்யாத விவாகரத்தானவர், அல்லது துணையை இழந்தவர், அல்லது உங்கள் துணை உடல், மன நிலை காரணமாகப் பிள்ளையைப் பார்க்க முடியாதவர். இந்த இரண்டும் பொருந்தினால் வரி உண்டு. ஃபியூட்டா எந்த நிலையிலும் பெற்றோருக்கு இல்லை.

கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்கு உட்பட்ட சொந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதற்கு வரி இல்லை. சித்தி, அண்ணி, மாமியார், தங்கை ஆகியோருக்கு இந்தச் சலுகை கிடையாது. மாமியார் உங்களுக்குப் பெற்றோர் அல்ல, உங்கள் துணைக்குத்தான் பெற்றோர் என்பதால் முதலாளி யார் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, உயர்நிலைப் பள்ளி மாணவி, ஓ பேர்?

18 வயது நிறையாத மாணவர் பேபிசிட்டிங் செய்தால் அவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி இல்லை; படிப்புதான் அவருடைய முக்கிய வேலை என்று எடுத்துக்கொள்ளப்படும். 18ஐக் கடந்த கல்லூரி மாணவிக்கு அந்தச் சலுகை இல்லை. எஃப்-1 விசா மாணவி வளாகத்துக்கு வெளியே உங்கள் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அவருடைய விசாவுக்கே ஆபத்து. வேலை அனுமதி அட்டை இல்லாத ஹெச்-4 (ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான) விசாக்காரருக்கும் அதே நிலைதான். ஓ பேர், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், பெரும்பாலும் ஜே-1 விசாவில் வருகிறார்; வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும்வரை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இல்லை. ஆனால் அவர் பெறும் தொகை வருமான வரிக்கு உட்பட்டது, அதை அவரே தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் சொந்த விசா நிலை இதில் எதையும் மாற்றாது. ஹெச்-1பியில் இருப்பவர் ஆள் வைத்தாலும் விதி இதுவே.

அவரிடம் வேலை அனுமதி இல்லை என்று தெரிகிறது. அப்போது வரியும் இல்லைதானே?

தெரிந்தே அப்படி ஆள் வைப்பது சட்டவிரோதம். அப்படியும் வைத்திருந்தால் வரியும் சேர்ந்தே உண்டு. பில் கிளிண்டன் 1993இல் அட்டர்னி ஜெனரலாக முன்மொழிந்த ஸோயி பேர்ட் விலக நேர்ந்தது இந்த இரண்டு தவறுகளும் சேர்ந்ததால்தான். அடுத்த ஆண்டு காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. அதற்கு முன் ஒரு காலாண்டில் 50 டாலர் கொடுத்தாலே வரி. 1994இல் அது ஆண்டுக்கு 1,000 டாலர் ஆனது. வீட்டு ஊழியர் வரியைச் சொந்த வருமான வரித் தாக்கலோடு சேர்த்துக் காட்டும் இன்றைய ஷெட்யூல் ஹெச் முறையும் அப்போது பிறந்ததுதான்.

1099 கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்கிறார்களே?

உங்களுக்குச் சுலபம், அவருக்கு இழப்பு. 1099 என்பது சுயதொழில் செய்பவருக்குக் கொடுக்கும் படிவம். அதை வாங்கியவர் சுயதொழில் வரியாக முழு 15.3%யும் தானே கட்ட வேண்டியிருக்கும். அவருக்கு அது புரிந்தவுடன் எஸ்எஸ்-8 படிவம் போட்டு, தான் ஊழியரா இல்லையா என்று ஐஆர்எஸ்ஸிடம் கேட்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. வேலை போனதும் அவர் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிப்பார், முதலாளி என்று உங்கள் பெயரைப் போடுவார், மாநிலத்திடம் உங்கள் கணக்கே இருக்காது. கடிதம் அங்கிருந்துதான் வரும்.

ரொக்கமாகவே கொடுங்கள் என்று அவரே கேட்கிறார்.

ரொக்கமாகக் கொடுக்கலாம், பிடித்தத்தோடு. கணக்கில் வராமல் கொடுக்க வேண்டாம். அவர் அப்படிக் கேட்டாலும் பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். அவருக்குப் புரியும்படி சொல்ல ஒரு கணக்கு உண்டு: ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் தேவை, ஓராண்டில் அதிகபட்சம் நான்கு. 2025இல் 7,240 டாலர் கணக்கில் வந்தாலே நான்கும் கிடைக்கும். கணக்கில் வராத ஆண்டுகள் அவருக்கு வெறும் பூஜ்யமாகவே பதிவாகும்.

இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே நானியை வைத்திருக்கிறோம்.

இரண்டு குடும்பமும் தனித்தனி முதலாளி. ஆளுக்கொரு ஈஐஎன், ஆளுக்கொரு டபிள்யூ-2, வரம்பும் தனித்தனி. ஒரு குடும்பம் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு மற்றதிடம் பாதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கணக்கைச் சிக்கலாக்கும். இருவரும் நேரடியாகக் கொடுங்கள்.

வாரம் 50 மணி நேரம், மொத்தமாக 1,000 டாலர். சரியா?

வீட்டு ஊழியருக்கு மணிக்கணக்குதான். கூட்டாட்சிச் சட்டப்படி வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. மணிக்கு 20 டாலர் என்றால் 40 மணிக்கு 800, மீதி 10 மணிக்கு 300, மொத்தம் 1,100. வீட்டிலேயே தங்குபவருக்குக் கூட்டாட்சியின் இந்தக் கூடுதல் நேர விதி இல்லை, குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பல மாநிலங்கள் தங்குபவருக்கும் கூடுதல் நேரம் தரச் சொல்கின்றன. வரியும் இந்த 1,100க்குத்தான் என்பதால் நேரத்தைக் குறித்து வைக்காமல் இரண்டையும் சரியாகச் செய்ய முடியாது.

பணத்தை எப்போது, எப்படிக் கட்டுவது?

டபிள்யூ-2 ஜனவரி 31க்குள் ஊழியருக்குப் போக வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும் அதே கெடு. அந்த நாள் வாரக் கடைசியில் வந்தால் அடுத்த வேலை நாள். அந்த அலுவலகத்தின் பிஸினஸ் சர்வீசஸ் ஆன்லைன் தளத்திலேயே இலவசமாக நிரப்பி அனுப்பலாம். டபிள்யூ-2களின் தொகுப்பான டபிள்யூ-3 தனியாக வேண்டாம். ஐஆர்எஸ் தளத்தில் இருக்கும் டபிள்யூ-2இன் 'ஏ' பிரதியை வீட்டில் அச்சடித்துத் தபாலில் அனுப்பாதீர்கள், அவர்களுடைய ஸ்கேனர் அதைப் படிக்காது. தள உள்நுழைவை டிசம்பரிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். அடையாளச் சரிபார்ப்பு தடுக்கிவிட்டால் ஜனவரிக் கடைசியில் பொழுது போதாது.

ஷெட்யூல் ஹெச், உங்கள் 1040உடன் (ஆண்டு வருமான வரித் தாக்கல் படிவம்) ஏப்ரல் 15க்குள். அதன் மொத்தம் ஷெட்யூல் 2இன் 9ஆம் வரிக்குப் போகும். வரித் தாக்கல் செய்ய வேண்டிய அவசியமே இல்லாதவர் ஷெட்யூல் ஹெச்சை மட்டும் தனியாக அனுப்ப வேண்டும்.

ஏப்ரலில்தானே கட்ட வேண்டும் என்று அதுவரை காத்திருந்தால் அபராதம் வரலாம். ஆண்டு நடுவிலேயே வரி போய்ச் சேர வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15 தேதிகளில் 1040-ஈஎஸ் (முன்கூட்டிக் கட்டும் மதிப்பீட்டு வரி) வழியாகக் கட்டலாம். அதைவிட எளிய வழி, உங்கள் அலுவலகத்தில் டபிள்யூ-4ஐ மாற்றி 4(சி)யில் கூடுதல் பிடித்தம் எழுதுவது. மேலே வந்த 4,632 டாலருக்கு, இரண்டு வாரச் சம்பளம் வாங்குபவர் ஒவ்வொரு முறைக்கும் சுமார் 178 டாலர் எழுதினால் போதும். தேதி எதையும் நினைவில் வைக்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

இதில் திரும்பக் கிடைப்பது ஏதாவது உண்டா?

13 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்காக, நீங்களும் துணைவரும் வேலைக்குப் போவதற்காகச் செய்யும் செலவு என்றால் உண்டு. அலுவலகத்தின் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ எனப்படும் பராமரிப்புச் செலவுக் கணக்கில் 2025இல் 5,000, 2026இல் 7,500 டாலர் வரை வரிக்கு முன் போடலாம். 2441 படிவம் வழியான குழந்தைப் பராமரிப்பு வரிச் சலுகை ஒரு குழந்தைக்கு 3,000, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 6,000 டாலர் செலவு வரை. வருமானம் கூடியவர்களுக்கு அதில் 20%. எஃப்எஸ்ஏவில் போட்ட தொகை இந்த வரம்பிலிருந்து கழியும். இரண்டு குழந்தை, எஃப்எஸ்ஏவில் 5,000 என்றால் மிஞ்சும் 1,000க்கு 200 டாலர் சலுகை. 7,500 போட்டால் 2441இல் எதுவும் மிஞ்சாது.

நானிக்காக நீங்கள் கட்டும் முதலாளிப் பங்கு வரியும் இந்தச் செலவில் சேரும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நானியின் வரி எண்ணைக் கொடுக்காமல் சலுகை கேட்க முடியாது, கொடுத்தால் அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் பதிவாகிவிடும். எஃப்எஸ்ஏவை எடுத்துக்கொண்டு ஷெட்யூல் ஹெச்சை விட்டுவிடுவது உங்கள் கையாலேயே ஆதாரம் எழுதிக் கொடுப்பதாகும்.

உங்கள் கம்பெனியின் பேரோலில் நானியைச் சேர்த்து வணிகச் செலவாகக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது வீட்டுச் செலவு.

போன ஆண்டு எதுவும் செய்யவில்லை. இப்போது?

ஈஐஎன் வாங்கி, அந்த ஆண்டுக்கான டபிள்யூ-2ஐத் தாமதமாகவேனும் கொடுத்து, 1040-எக்ஸ் எனப்படும் திருத்திய வரித் தாக்கல் உடன் அந்த ஆண்டின் ஷெட்யூல் ஹெச்சை இணைத்து அனுப்புங்கள். ஊழியர் பங்கையும் நீங்களே போட வேண்டியிருக்கும். வட்டியும் அபராதமும் நாள் ஆக ஆகக் கூடும் என்பதால் கடிதம் வரும் முன் செய்வது மலிவு. மாநிலத்துக்கும் தனியாகப் பழைய காலாண்டுகளைத் தாக்கல் செய்ய வேண்டும்.

நடுவில் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறென்ன பாக்கி?

அந்த ஆண்டுக்கான டபிள்யூ-2 எப்படியும் கொடுக்க வேண்டும். அவர் முன்னதாகவே கேட்டால், கேட்ட நாள், கடைசிச் சம்பளம் கொடுத்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து 30 நாளுக்குள். மாநிலக் கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு காலாண்டும் தாக்கல் செய்யவில்லை என்று நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும். ஈஐஎன் அப்படியே இருக்கட்டும், அடுத்து வருபவருக்கும் அதே எண்தான். முகவரி மாறி டபிள்யூ-2 தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் நான்கு ஆண்டு வைத்திருங்கள். சம்பளப் பதிவேட்டையும் குறைந்தது அத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்.